வெந்நீருக்கு ஒரு சட்டம் வேண்டுமா?

பெங்களூருவில் 1,200 சதுர அடி மனையில் புது வீடு கட்டியவர் மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது அவரிடம் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று: மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்தாயிற்றா? 2007ஆம் ஆண்டின் இறுதியில் கர்நாடகம் கொண்டுவந்த விதி இது. ஹீட்டர் இல்லையென்றால் புது இணைப்பு இல்லை. வைத்தவர்களுக்கு யூனிட்டுக்கு 50 காசு வீதம், மாதம் 50 ரூபாய் வரை கட்டணத்தில் தள்ளுபடியும் கிடைத்தது.

அரசாங்கம் குளியலறைக்குள் எட்டிப்பார்ப்பது பலருக்கு எரிச்சலூட்டும். ஒருவர் கேஸில் காய்ச்சட்டும், கரண்டில் காய்ச்சட்டும், பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிட்டுப் போகட்டும். பில் கட்டப்போவது அவர்தானே? அவருக்கு லாபம் என்றால் அவரே வாங்கிக்கொள்ள மாட்டாரா? இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் இஸ்ரேல், ஸ்பெயின், ஹவாய் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் அரசுகள் இதே விதியை வெவ்வேறு வடிவங்களில் எழுதிப் பார்த்திருக்கின்றன.

சட்டம் தேவை என்பதுதான் என் கட்சி. ஆனால் அந்தச் சட்டம் ஒரு கருவியின் பெயரைச் சொல்லி 'இதை வாங்கி மாட்டு' என்று சொல்லக் கூடாது. வீடு எழும்பும்போது மட்டுமே மலிவாகச் செய்யக்கூடிய வேலைகளை அது கட்டாயமாக்க வேண்டும். எதைக் கொண்டு தண்ணீரைக் காய்ச்சுவது என்பதற்கு ஓர் அளவுகோலை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத் தண்ணீரின் இயற்பியலிலிருந்து தொடங்கினால்தான் விளக்க முடியும்.

ஒரு குளியலின் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் ஆற்றல் வேண்டும். அதே எடையுள்ள இரும்புக்கு இதில் ஒன்பதில் ஒரு பங்கு போதும். நாம் அன்றாடம் புழங்கும் பொருள்களில் தண்ணீரைப் போல வெப்பத்தை விழுங்குவது வேறில்லை.

குளிர்கால பெங்களூருவில் 100 லிட்டர் தண்ணீரை 22 டிகிரியிலிருந்து 52 டிகிரிக்குக் கொண்டுவர 3.5 யூனிட் மின்சாரம் செலவாகும். இது எவ்வளவு என்று பார்க்கலாம். 75 வாட் மின்விசிறி ஒன்றை ஏறத்தாழ இரண்டு நாள் இரவு பகலாக ஓட்ட இது போதும். மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலுள்ள 1,000 லிட்டர் தொட்டியை மோட்டார் போட்டு நிரப்ப ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதாவது தொட்டி முழுவதையும் மேலே ஏற்றுவதைவிட, அதில் பத்தில் ஒரு பங்கைச் சூடாக்க நாற்பது மடங்கு ஆற்றல் வேண்டும். வீட்டில் மோட்டார் ஓடினால் கரண்ட் பில்லை நினைத்துக் கவலைப்படுகிறோம். கீசர் சத்தமில்லாமல் வேலை செய்வதால் கண்ணில் படுவதில்லை.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் கணக்கு இன்னும் மோசமாகும். அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுக் கூடுதலாகத்தான் மின்சாரமாக மாற்ற முடிகிறது. மீதி வீணாக வெளியேறுகிறது. அதில் பெரும்பகுதியைச் சுமந்து செல்லும் குளிர்விப்பு நீர், நிலையத்தை விட்டு வெளியேறும்போது 40 டிகிரியை ஒட்டி இருக்கும். நாம் குளிக்கும் சூடு அதுதான். அங்கே அந்தச் சூட்டைக் கொட்டிவிட்டு, எஞ்சிய ஆற்றலை மின்சாரமாக்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பியில் கடத்தி, வீட்டுக் காயிலில் விட்டு மறுபடியும் அதே சூட்டை உண்டாக்குகிறோம். இந்திய நிலக்கரியின் தரத்துக்கு ஒரு யூனிட் வீடு வந்து சேர ஏறத்தாழ முக்கால் கிலோ எரிய வேண்டும். ஒரு குடும்பத்தின் காலைக் குளியலுக்கு இரண்டரை கிலோ நிலக்கரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நேரம். எல்லோரும் காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில்தான் குளிக்கிறார்கள். 10 லட்சம் வீடுகளில் 2 கிலோவாட் கீசர் இருந்து, அவற்றில் நான்கில் ஒன்று மட்டும் ஒரே சமயத்தில் ஓடினாலும் 500 மெகாவாட் வேண்டும். ஒரு பெரிய அனல்மின் அலகின் முழுத் திறன் அது. அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே கட்டிவைத்த நிலையத்தின் செலவு, கீசரே இல்லாதவரின் பில்லிலும் ஏறுகிறது. 'பில் கட்டுவது நான்தானே' என்ற வாதம் இந்த இடத்தில் நிற்பதில்லை. காலை உச்ச நேரத்து வெந்நீருக்கான பில்லில் ஒரு பகுதியை ஊரே சேர்ந்து கட்டுகிறது.

மோட்டார் இல்லாமல் ஓடும் தண்ணீர்

வெயிலில் தண்ணீர் காய்ச்சும் கருவி பார்வைக்கு எளிமையானது. அதற்குள் மூன்று நுட்பங்கள் இருக்கின்றன.

முதலாவது கண்ணாடி. ஏறத்தாழ 5,500 டிகிரியில் கொதிக்கும் சூரியப் பரப்பிலிருந்து வரும் ஒளி குறைந்த அலைநீளம் கொண்டது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே போய்விடும். அறுபது, எழுபது டிகிரியில் இருக்கும் கறுப்புத் தகடு திருப்பி உமிழும் வெப்பக் கதிர்களின் அலைநீளம் அதிகம். கண்ணாடி அவற்றை வெளியே விடாது. சுவிட்சர்லாந்தின் ஹொராஸ் டி சொஸ்யூர் 1767இல் கண்ணாடி மூடிய பெட்டியை வெயிலில் வைத்து, உள்ளே வெப்பம் நூறு டிகிரியைத் தாண்டுவதைக் காட்டினார்.

இரண்டாவது, தண்ணீர் தானாகச் சுற்றுவது. சூடான தண்ணீர் இலேசாகிறது என்பது பள்ளிப் பாடம். எவ்வளவு இலேசாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 20 டிகிரி தண்ணீருக்கும் 60 டிகிரி தண்ணீருக்கும் அடர்த்தியில் உள்ள வேறுபாடு வெறும் ஒன்றரை சதவீதம். ஒரு மீட்டர் உயரத்தில் இது தரும் உந்துதல் ஒன்றரை சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம்தான். கண்ணாடி மூடிய கறுப்புத் தகட்டுப் பலகையில் சூடான தண்ணீர் மேலேயுள்ள தொட்டிக்கு ஏறுவதும், தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த தண்ணீர் பலகைக்கு இறங்குவதும் இந்த அற்ப உந்துதலால்தான். அதனால் குழாயில் ஓரிடத்தில் தொய்வு விழுந்து காற்று அடைத்துக்கொண்டாலும், போர் தண்ணீரின் உப்பு உட்புறம் படிந்து வழியைக் குறுக்கினாலும் ஓட்டம் நின்றுவிடும். தொட்டி பலகையைவிட உயரத்தில் இல்லையென்றால் இரவில் ஓட்டம் தலைகீழாகி, பகலில் சேர்த்த சூட்டைப் பலகை வானத்துக்கு வாரிவிடும். மோட்டார் இல்லாத கருவி என்பதால் யார் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். மோட்டார் இல்லாததனால்தான் இதை மாட்டுவதில் கவனம் அதிகம் தேவைப்படுகிறது.

மூன்றாவது, கறுப்பின் தரம். சாதாரணக் கறுப்புப் பூச்சு வெயிலை நன்றாக உறிஞ்சும். சூடானதும் அதே திறமையோடு வெப்பக் கதிர்களை உமிழவும் செய்யும். இஸ்ரேலைச் சேர்ந்த ஹாரி தபோர், வெயிலை உறிஞ்சவும் வெப்பத்தை உமிழாமலிருக்கவும் கூடிய மெல்லிய பூச்சுகளை உருவாக்கி, 1955இல் அரிசோனாவில் நடந்த சூரிய ஆற்றல் மாநாட்டில் அறிமுகப்படுத்தினார். இன்றைய நல்ல பலகைகள் விழும் வெயிலில் 95 சதவீதத்தை உறிஞ்சுகின்றன. வெப்பக் கதிர் உமிழ்வு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. நம்மூரில் அதிகம் விற்கும் கண்ணாடிக் குழல் ஹீட்டர்களில் இந்தப் பூச்சோடு இன்னொரு வசதியும் உண்டு. இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை உறிஞ்சியெடுத்து, ஃபிளாஸ்க்கைப் போல வெப்பத்தை அடைத்துவைக்கிறார்கள்.

இவை மூன்றும் சேர்ந்தால், தெளிந்த நாளில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஐந்து யூனிட் வெயிலில் பாதியாவது தண்ணீருக்குள் போய்ச் சேரும். இரண்டு சதுர மீட்டர் பலகை 100 லிட்டருக்கு வேண்டிய 3.5 யூனிட்டைத் தந்துவிடும். இந்தியாவில் 100 லிட்டருக்கு இரண்டு சதுர மீட்டர் என்ற வழக்கமான அளவுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

மயாமி கைவிட்டதும் இஸ்ரேல் பிடித்துக்கொண்டதும்

இந்தக் கருவி புதியதில்லை. அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் 1891இலேயே 'கிளைமாக்ஸ்' என்ற சூரிய ஹீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்புத் தொட்டி. மாலையில் சுடும், காலையில் ஆறியிருக்கும். 1909இல் கலிஃபோர்னியாவின் வில்லியம் பெய்லி தொட்டியைப் பலகையிலிருந்து பிரித்து, வெப்பம் போகாமல் பொதிந்து, உயரத்தில் வைத்தார். விடிந்த பிறகும் வெந்நீர் வந்தது. தன் கம்பெனிக்கு 'பகலும் இரவும்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். 1913இன் கடுங்குளிரில் பலகைக் குழாய்கள் உறைந்து வெடித்தபோது, உறையாத திரவம் ஒன்றைப் பலகையில் சுற்றவிட்டு அதன் மூலம் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கும் முறைக்கு மாறினார்.

1920களில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இயற்கை எரிவாயு கிடைத்ததும் கலிஃபோர்னியாவில் இந்தத் தொழில் தேய்ந்தது. ஃபுளோரிடாவில் தழைத்தது. 1941 வாக்கில் மயாமி மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வெயிலில் காய்ந்த தண்ணீரில் குளித்தார்கள். உலகப் போர் வந்தது, செம்புக்குக் கட்டுப்பாடு வந்தது, போருக்குப் பிறகு மின்சாரம் மலிந்தது. பழுதான ஹீட்டர்களைக் கழற்றிவிட்டு மின் ஹீட்டர் மாட்டினார்கள். ஒரு தலைமுறைக்குள் ஊர் அதை மறந்தேபோனது. நல்ல கருவி தானாகவே நிலைத்துவிடும் என்று நம்புபவர்கள் மயாமியின் கதையைப் படிக்க வேண்டும்.

1950களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் எரிபொருள் தட்டுப்பாடு. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை தண்ணீர் காய்ச்சக் கூடாது என்று அரசு தடை விதித்தது. லெவி இஸ்ஸார் என்ற பொறியாளர் சூரிய ஹீட்டர் செய்து பார்த்து, 1953இல் அதற்கென ஒரு கம்பெனி தொடங்கினார். இவ்வளவுக்குப் பிறகும் 1967இல் இருபது வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் அது இருந்தது. எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் விற்பனை படுத்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் எழுந்தது. 1980இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. புதிதாகக் கட்டும் எல்லாக் குடியிருப்புகளிலும் சூரிய ஹீட்டர் வேண்டும். கூரை போதாத உயரக் கட்டடங்களுக்கு மட்டும் விலக்கு. இன்று அந்நாட்டு வீடுகளில் 85 சதவீதம் அளவுக்கு இது இருக்கிறது. கூரையெங்கும் வெள்ளைத் தொட்டியும் சாய்ந்த பலகையும் தெரியாத இஸ்ரேலிய நகரம் இல்லை.

இந்தக் கதையில் சட்டம் மட்டும் வேலை செய்யவில்லை. அது வருவதற்கு முன்பே ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக உள்நாட்டில் ஹீட்டர் செய்யத் தெரிந்த பட்டறைகளும், மாட்டத் தெரிந்த பிளம்பர்களும், பூச்சு ஆய்வு செய்த விஞ்ஞானிகளும் இருந்தார்கள். ஏற்கெனவே கைவந்த தொழில் ஒன்று விலைக்கேற்ப ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தைச் சட்டம் நிறுத்தியது.

கட்டுபவர் ஒருவர், கட்டணம் செலுத்துபவர் ஒருவர்

லாபம் என்றால் மக்களே வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்ற கேள்விக்கு வருவோம். சொந்த வீட்டில் இருப்பவர், கையில் பணமுள்ளவர், மாடி தன்னுடையது என்று உள்ளவர் வாங்குகிறார். யூனிட் 7 ரூபாய் என்றும், ஆண்டில் 250 நாள் வெந்நீர் வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், 100 லிட்டர் ஹீட்டர் ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாயைத் தொட்டு மிச்சம் தரும். சில ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும். கருவி பதினைந்து ஆண்டுகளாவது உழைக்கும்.

ஆனால் நகரத்து வீடுகளில் பெரும்பாலானவற்றை அவற்றில் குடியிருக்கப்போகிறவர்கள் கட்டுவதில்லை. பில்டர் கட்டுகிறார். சதுர அடி விலை அவருக்கு முக்கியம். பின்னால் வரும் மின் கட்டணம் அவர் பாடு இல்லை. வாடகைக்கு விடுபவருக்கும் அப்படித்தான். ஹீட்டருக்கான செலவு ஒருவருடையது, அதன் பயன் இன்னொருவருடையது. பயன் பெறப்போகிறவர் முடிவெடுக்கும் நேரத்தில் அங்கே இருப்பதே இல்லை.

அவர் குடிவந்த பிறகு நினைத்தாலும் காலம் கடந்துவிடும். சூடு தாங்கும் குழாயைச் சுவருக்குள் பதித்திருக்க மாட்டார்கள். டைல்ஸை உடைத்து, சுவரைக் கொத்தி, புதுக் குழாய் இறக்க வேண்டும். மாடியில் தெற்குப் பக்கம் லிஃப்ட் அறையின் நிழல் விழும். நிறைந்த தொட்டியின் எடைக்குத் தளத்தில் ஏற்பாடு இருக்காது. கட்டும்போது சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பிறகு ஹீட்டரின் விலையையே எட்டிவிடும். ஒரு கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கும். வரைபடம் போட்ட அன்று விட்ட குழாய், ஐம்பது ஆண்டுக்கும் விட்டதுதான். அரசின் தலையீட்டுக்கு வலுவான நியாயம் இந்த இடத்தில் இருக்கிறது.

சட்டம் பட்ட பாடு

இதே நியாயத்துக்குள் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஹீட்டர் வைப்பதில் அக்கறை இல்லாத பில்டரைச் சட்டம் வைக்கச் சொல்கிறது. நல்ல ஹீட்டராக வைப்பதில் மட்டும் அவருக்கு ஏன் அக்கறை வரப்போகிறது? சட்டத்துக்குத் தேவையான மிக மலிவான ஒன்றை மாட்டி, சான்றிதழ் வாங்கிக்கொண்டு அவர் அடுத்த மனைக்குப் போய்விடுவார். சட்டத்தைத் தேவையாக்கிய அதே காரணம் அதை அரிக்கவும் செய்கிறது.

பார்சிலோனா இதைச் சீக்கிரமே கற்றது. அந்நகராட்சி 1999இல் நிறைவேற்றி 2000 ஆகஸ்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி, புதிய கட்டடங்களும் பெரிதாகப் புதுப்பிக்கப்படும் கட்டடங்களும் தம் வெந்நீர்த் தேவையில் 60 சதவீதத்தைச் சூரியனிலிருந்து பெற வேண்டும். 'ஹீட்டர் வை' என்று சொல்லாமல் 'இவ்வளவு வெப்பம் வெயிலிலிருந்து வர வேண்டும்' என்று சொன்னது நல்ல தொடக்கம். தொடக்கத்தில் அதிக வெந்நீர் செலவாகும் கட்டடங்களுக்கு மட்டும் இருந்த விதி 2006இல் எல்லாவற்றுக்கும் விரிந்தது. அமைத்த பின் கவனிப்பாரில்லாமல் போகும் சிக்கலைப் பார்த்து, தரம், பராமரிப்பு பற்றிய நிபந்தனைகளையும் சேர்த்தார்கள். அதே 2006இல் ஸ்பெயின் இதை நாடு முழுவதற்குமான கட்டட விதியாக்கியது. வெயில் எவ்வளவு விழும் என்பதைப் பொறுத்து 30 முதல் 70 சதவீதம் வரை என்று மண்டலத்துக்கு மண்டலம் அளவை மாற்றியது.

ஹவாயின் கதை வேறு. எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்கும் தீவுகள், அமெரிக்காவிலேயே மிக அதிகமான மின் கட்டணம், வெயிலுக்குப் பஞ்சமில்லை. 2008இல் சட்டம் போட்டார்கள். 2010 ஜனவரி முதல், தனி வீடு கட்டுவோர் சூரிய ஹீட்டர் இல்லாமல் கட்டட அனுமதி பெற முடியாது. அமெரிக்க மாநிலங்களில் இப்படி ஒரு கட்டாயம் கொண்டுவந்தது அதுவே முதல். சட்டத்தில் சில விலக்குகளும் இருந்தன. வெயில் போதாத இடம், ஆயுள் செலவு கட்டுப்படியாகாத இடம் ஆகியவற்றோடு, உடனுக்குடன் தண்ணீர் காய்ச்சும் கேஸ் ஹீட்டரும் கூடவே இன்னொரு கேஸ் கருவியும் வைப்பவர்களுக்கும் விலக்கு. ஆயிரக்கணக்கான வீடுகள் இந்தக் கேஸ் வாசல் வழியாக வெளியேறின. எண்ணெயைக் குறைக்க வந்த சட்டம் கேஸ் ஹீட்டருக்குச் சந்தை பிடித்துக் கொடுத்தது.

பெங்களூருவில் தனி வீடுகளின் மாடிகளில் விதி நன்றாகவே வேலை செய்தது. 900 மீட்டர் உயரத்திலுள்ள நகரம், ஆண்டின் பெரும்பகுதி காலையில் வெந்நீர் வேண்டும், வெயில் உண்டு. இன்று அங்கே மாடிக்கு மாடி தொட்டியும் குழல்களும் தெரிகின்றன. அடுக்குமாடிகள் எழுந்தபோதுதான் சிக்கல் வந்தது. பன்னிரண்டு மாடிக்கு ஒரே கூரை. எல்லா வீட்டுக்கும் பலகை வைக்க இடம் போதாது. கீழ்த்தளத்துக்குக் குழாய் நீண்டுகொண்டே போகும். முக்கால் அங்குலக் குழாய் 30 மீட்டர் ஓடினால் அதற்குள் எட்டு, ஒன்பது லிட்டர் தண்ணீர் ஆறிக் கிடக்கும். நான்கு பேர் நான்கு நேரத்தில் குளித்தால் முப்பது லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகும். குடிநீருக்கே லாரி வரும் நகரத்தில் இது சின்ன விஷயமில்லை. குழாயில் வெந்நீரைச் சுற்றவிட்டுக்கொண்டே இருந்தால் தண்ணீர் மிஞ்சும், வெப்பம் வீணாகும். போர் தண்ணீரின் உப்பு வேறு இரண்டு மூன்று ஆண்டுகளில் குழல்களுக்குள் படிந்துவிடும். காலையில் குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் கீசர் சுவிட்சைத் தட்டுபவர்கள் அதிகமானால், கூரையில் ஹீட்டர் இருந்தும் உச்ச நேரச் சுமை குறையாது.

சட்டமில்லாமலும் ஒரு வழி

கரீபியத் தீவான பார்படோஸ் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. 1974இல் சூரிய ஹீட்டர் செய்யத் தேவையான மூலப்பொருள்களுக்கு இறக்குமதி வரியை நீக்கியது. மின் ஹீட்டருக்கு வரியை ஏற்றியது. பின்னாளில் ஹீட்டர் வாங்கிய செலவை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் அனுமதித்தது. உள்ளூர்க் கம்பெனிகள் வளர்ந்தன. தலைக்கு எத்தனை சதுர மீட்டர் சூரிய வெப்பப் பலகை என்று கணக்கிட்டால் இஸ்ரேல், சைப்ரஸ் ஆகியவற்றோடு உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு அது.

விலையைச் சரியாக வைத்தால் சட்டம் வேண்டாம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். பார்படோஸில் பலரும் சொந்த வீட்டில், தரைத்தள வீட்டில் இருப்பவர்கள். மின்சாரமும் விலை அதிகம். பில்டரும் வாடகைதாரரும் எதிரெதிரே நிற்கும் பெருநகரத்தில் வரிச் சலுகை அந்த இடைவெளியை முழுதாக அடைக்காது. தள்ளுபடியை வாங்குபவர் ஒருவராகவும், குழாய் பதித்திருக்க வேண்டியவர் வேறொருவராகவும் இருப்பார்.

கூரைக்கு வந்த போட்டி

1980இல் எழுதிய சட்டத்தை 2020களில் அப்படியே எழுத முடியாததற்கு முக்கியமான காரணம் சூரிய மின் தகடு. அன்று அதன் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. இன்று மத்திய அரசே 2024இல் ஒரு கோடி வீடுகளின் கூரையில் மின் தகடு வைக்கத் திட்டம் அறிவித்திருக்கிறது. கலிஃபோர்னியா 2020 முதல் புது வீடுகளுக்குச் சூரிய மின் தகட்டையே கட்டாயமாக்கியிருக்கிறது. இரண்டுக்கும் கூரை ஒன்றுதான்.

தகடு வெயிலில் 20 சதவீதத்தை மட்டும் மின்சாரமாக்குகிறது. சூரிய ஹீட்டர் 50 சதவீதத்தை வெப்பமாக்குகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஹீட்டருக்கே வெற்றி. ஆனால் வெப்ப ஏற்றி ஹீட்டர் என்று ஒன்று சந்தைக்கு வந்துவிட்டது. ஏசி அறைக்குள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவது போல, இது வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்தால் தண்ணீருக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். நம் ஊரின் வெதுவெதுப்பான காற்றில் இது இன்னும் நன்றாக வேலை செய்யும். கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் ஹீட்டர் பலகை நாளுக்கு இரண்டரை யூனிட் வெப்பம் தருகிறது. அதே பரப்பில் தகடு தரும் ஒரு யூனிட்டை வெப்ப ஏற்றிக்குக் கொடுத்தால் மூன்று யூனிட் வெப்பம் வருகிறது. கூரை இடத்தைப் பொறுத்தவரை இரண்டும் இன்று சம நிலைக்கு வந்துவிட்டன.

மின்சாரத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. வெந்நீர் வேண்டாத மே மாதத்தில் சூரிய ஹீட்டர் சும்மா கொதித்துக்கொண்டிருக்கும்; தகடு மின்விசிறியை ஓட்டும். குழாயில் தண்ணீர் ஆறிக் கிடக்கும் தொல்லையும் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி வெப்ப ஏற்றி வைக்கலாம். ஆனால் விலை இன்னும் அதிகம், கம்ப்ரசர் பழுதானால் பார்க்க ஆள் வேண்டும். நடுப்பகலில் தண்ணீரைக் காய்ச்சிச் சேமிக்கும்படி டைமர் வைக்காவிட்டால் அதுவும் காலை உச்ச நேரத்தில்தான் மின்சாரம் கேட்கும். தனி வீட்டுக்குச் சூரிய ஹீட்டர், பன்னிரண்டு மாடிக்கு வெப்ப ஏற்றி என்று பிரிந்து போவதுதான் இயல்பு. ஸ்பெயின் 2019இல் தன் விதியைத் திருத்தியபோது, வெந்நீர்த் தேவையில் பெரும்பங்கு புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி, தகுந்த செயல்திறனுள்ள வெப்ப ஏற்றியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

நம் விதியை எப்படி எழுதலாம்

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு விதி எழுதச் சொன்னால் நான்கு பகுதிகளாக எழுதுவேன்.

ஒன்று, எல்லாப் புது வீட்டுக்கும் ஆயத்தம் கட்டாயம். சூடு தாங்கும் குழாய், அதன்மேல் வெப்பப் பொதிவு, நிழல் விழாத கூரைப்பகுதி, தொட்டியின் எடை தாங்கும் தளம், டைமரோடு ஒரு மின் இணைப்பு. செலவு குறைவு, பின்னால் எந்தக் கருவி வந்தாலும் பயன்படும்.

இரண்டு, காய்ச்சுவதற்கு அளவுகோல். ஆண்டின் வெந்நீர் வெப்பத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் நேரடி மின் காயிலில் வரக் கூடாது என்று வரம்பு வைத்தால் போதும். வெயில் ஹீட்டரா, வெப்ப ஏற்றியா என்பதைக் கட்டுபவர் முடிவு செய்யட்டும். ஹவாயில் நடந்ததுபோல ஒரு புதைபடிவ எரிபொருளை விட்டு இன்னொன்றுக்குத் தாவ வழி வைக்கக் கூடாது.

மூன்று, சின்ன வீட்டுக்கு விலக்கு. பார்சிலோனாவில் ஷவரின் கீழ் நிற்பவரின் தேவை வேறு. நம்மூரில் ஒரு வாளித் தண்ணீரை ராடு போட்டுச் சூடாக்கிக் குளிப்பவர் மூன்றில் ஒரு யூனிட்டைத்தான் செலவழிக்கிறார். அதிலும் சில மாதங்கள் மட்டும். அவர் வாங்கும் சிறு வீட்டின் விலையில் ஹீட்டரின் விலையை ஏற்றினால், மிச்சமாகாத பணத்தை அவரிடமிருந்து முன்கூட்டியே பிடுங்கியதாகும்.

நான்கு, சோதனையைக் குடியேறிய பிறகு வைக்க வேண்டும். வரைபடத்தில் ஹீட்டர் வரைந்திருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. ஓராண்டு கழித்து, ஒரு குளிர்காலக் காலையில், கடைசி வீட்டின் குழாயில் எத்தனை நொடியில் எத்தனை டிகிரியில் தண்ணீர் வருகிறது என்று அளக்க வேண்டும். பில்டரின் முன்வைப்புத் தொகையில் ஒரு பங்கை அதுவரை திருப்பித் தரக் கூடாது. மலிவுச் சரக்கை மாட்டிவிட்டு ஓடும் பழக்கத்துக்கு வேறு மருந்து கிடையாது.

இந்த விதியையும் ஊர் பார்த்துத்தான் போட வேண்டும். ஸ்பெயின் தன் நாட்டை மண்டலங்களாகப் பிரித்தது போலத் தமிழ்நாட்டையும் பிரிக்கலாம். சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் ஓவர்ஹெட் டேங்க் தண்ணீரே கையைச் சுடும். அங்கே வெந்நீர் ஆண்டில் சில வாரத் தேவைதான், கூரையை மின் தகட்டுக்கு விடுவதே புத்திசாலித்தனம். உதகையில் ஆண்டு முழுக்க வெந்நீர் வேண்டும். ஆனால் ஜனவரி இரவில் அங்கே உறைபனி விழும். தெளிந்த வானத்துக்கு வெப்பத்தை இழந்து பலகைக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்துவிடலாம். பெய்லி 1913இல் கண்டுபிடித்த உறையாத திரவ ஏற்பாட்டை அங்கே விதியிலேயே சேர்க்க வேண்டும். ஒசூர் பெங்களூருவின் அதே பீடபூமியில் இருக்கிறது. அதே குளிர், அதே வெயில், அதே வேகத்தில் எழும் அடுக்குமாடிகள். பக்கத்து மாநிலம் 2007 முதல் கற்ற பாடமெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் தயாராக இருக்கிறது. ஒசூரிலும் ஏற்காட்டிலும் உதகையிலும் தொடங்கலாம். சென்னைக்கு அவசரமில்லை.